தாளப்பாக்கம் அறையில் இல்லாதது

சத்தியவேட்டுக்காரர்களுக்குத் திருமலை தூரத்து ஊர் அல்ல. ஊத்துக்கோட்டை, நாகலாபுரம், நாராயணவனம், புத்தூர் என்று போகும் சாலையில் புரட்டாசி பிறந்துவிட்டால் மஞ்சள் உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் ஓயாது. 1960இல் நடந்த எல்லை மாற்றத்தில் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்குப் போன வட்டாரம் இது. அறுபது ஆண்டுக்கு மேல் சித்தூர் மாவட்டத்தில் இருந்துவிட்டு, 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் தெலுங்குமாகப் பழகிய இந்த ஊர்களில், வழியோர அன்னதானப் பந்தல்களின் ஒலிபெருக்கியிலும் இரண்டு மொழியும் மாறி மாறித்தான் கேட்கும். தமிழ்ப் பெருமாள் பாட்டு ஒன்று முடிந்தால் அடுத்தது அன்னமாச்சாரியார் கீர்த்தனை. சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாதவர்களுக்கும் மெட்டு மனப்பாடம்.

ஐந்நூறு ஆண்டுப் பழைய பாட்டு என்று சொல்லித்தான் மேடைகளில் இவற்றை அறிமுகம் செய்கிறார்கள். அதில் பாதி உண்மை. சொல் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பழையது. நாம் கேட்கிற மெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு எண்பது வயதுகூட ஆகவில்லை. அன்னமாச்சாரியார் என்ன மெட்டில் பாடினார் என்பது, ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர, மறைந்துபோன செய்தி.

அவர் பாட்டைச் செப்பேடுகளில் வெட்டி வைத்த தாளப்பாக்கம் குடும்பத்தாரிடமிருந்து இசை மட்டும் எப்படி நழுவியது? இந்தக் கேள்விக்கு விடை தேட, அதே காலத்தை ஒட்டி உலகின் வேறொரு மூலையில் இறைவனைப் பாடியவர்கள் தங்கள் பாட்டை என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். ஐரோப்பியத் தேவாலயங்களில் அன்று கோலோச்சிய பல்குரல் பாட்டு வடிவத்துக்கு மோட்டெட் என்று பெயர். மறுமலர்ச்சிக் காலத்தின் பிற்பகுதி மோட்டெட்டும் தாளப்பாக்கம் சங்கீர்த்தனமும் ஒன்றையொன்று அறியாத சமகாலத்தவை.

முதலில் திருமலை.

தாளப்பாக்கம், இன்றைய ராஜம்பேட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர். அங்கே 1408இல் பிறந்த அன்னமாச்சாரியார், பதினாறாவது வயதில், அதாவது சக ஆண்டு 1346இல் (பொது ஆண்டு 1424), திருவேங்கடமுடையான் மீது பாடத் தொடங்கியதாகச் செப்பேடுகளின் தொடக்கக் குறிப்பே சொல்கிறது. 1503இல் மறையும்வரை பாடினார். 32,000 சங்கீர்த்தனங்கள் என்பது மரபுக் கணக்கு. கையில் இருப்பவை ஏறத்தாழ 12,000. மகன் பெத்த திருமலாச்சாரியார், பேரன் சின்ன திருமலாச்சாரியார் ஆகியோரும் பாடல் இயற்றியவர்கள். மனைவி திம்மக்கா சுபத்திரா கல்யாணம் எழுதியவர். இன்னொரு பேரன் சின்னண்ணா, தாத்தாவின் வாழ்க்கையைத் த்விபத யாப்பில் எழுதி வைத்தார். சாளுவ நரசிம்மன் தன்னைப் பாடச் சொன்னதும், மறுத்த கவிஞரைச் சிறையிட்டதும் அந்த நூல் தரும் கதைகளே.

பெத்த திருமலாச்சாரியார் செல்வாக்குள்ள மனிதர். விஜயநகர அச்சுதராயர் காலத்திலும் அதை ஒட்டியும் அவர் திருமலைக் கோயிலுக்கு விட்ட கிராமங்களும் ஏற்படுத்திய கட்டளைகளும் கோயில் கல்வெட்டுகளில் இருக்கின்றன. இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் வெட்டப்பட்டவை. தெலுங்குக் கவி ஒருவரின் குடும்பம் செய்த தர்மத்தைத் தமிழ்க் கல்வெட்டு பதிவு செய்வதில் அந்த மலையில் யாருக்கும் உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த மகன்தான் தந்தையின் பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்க ஏற்பாடு செய்தார். கோயிலுக்குள் அவற்றுக்கென்று ஒரு கல் அறை ஒதுக்கப்பட்டது. சங்கீர்த்தன பண்டாரம் என்றும் தாளப்பாக்கம் அறை என்றும் அதற்குப் பெயர். வாயிலின் இரு பக்கமும் தந்தையும் மகனும் சிலையாக நிற்கிறார்கள்.

இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏடுகள். ஆன்மிகப் பாடல்கள் தனி, சிருங்காரப் பாடல்கள் தனி என்ற பகுப்பு. ஏட்டுக்கு எண் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் தலையில் ராகத்தின் பெயர் உண்டு. பிறகு பல்லவி, பெரும்பாலும் மூன்று சரணங்கள். அவ்வளவுதான். தாளம் குறிக்கப்படவில்லை. சுவரம் இல்லை. பாட்டின் முதல் எழுத்து மேலே தொடங்குமா கீழே தொடங்குமா என்பதற்கு ஒரு புள்ளிகூட இல்லை.

இப்போது மியூனிக்.

பவேரியப் பிரபுவின் அரண்மனையில் 1556 முதல் பணியாற்றி 1594இல் அங்கேயே இறந்தவர் ஓர்லாண்டோ டி லாஸோ. இன்றைய பெல்ஜியத்தின் மோன்ஸ் நகரில் பிறந்தவர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படைப்புகள் அவர் பெயரில் உள்ளன. அவர் மறைந்து பத்து ஆண்டு கழித்து, 1604இல், மகன்கள் ஃபெர்டினாண்டும் ருடால்ஃபும் தந்தையின் மோட்டெட்டுகள் 516ஐத் திரட்டி ஒரே தொகுப்பாக அச்சிட்டார்கள். 'மாக்னும் ஓபுஸ் மூஸிகும்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தந்தையின் பாட்டு அழியக் கூடாது என்று பிள்ளைகள் எடுத்த முயற்சி என்ற வகையில் பெத்த திருமலாச்சாரியார் செய்ததும் இவர்கள் செய்ததும் ஒன்றே. நோக்கம் ஒன்று. ஆனால் பொருளும் பொறித்த விதமும் வேறு.

மோட்டெட் எப்படிப்பட்ட பாட்டு என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாரிஸில் முளைத்த இந்த வடிவம், பதினாறாம் நூற்றாண்டில் லத்தீன் வேத வாசகத்துக்கு நான்கு முதல் எட்டுக் குரல் வரை சேர்த்துப் பின்னுகிற கலையாக முதிர்ந்திருந்தது. தாமஸ் டாலிஸ் 1570ஐ ஒட்டி நாற்பது குரல்களுக்கு ஒரு மோட்டெட் எழுதினார், அது எல்லை தாண்டிய சாகசம். வழக்கமான மோட்டெட்டில் ஒரு குரல் ஒரு சொற்றொடரை எடுக்கும். அது முடியும் முன்பே இரண்டாம் குரல் அதே இசைத்தொடரை வேறு சுருதியில் தொடங்கும். பிறகு மூன்றாவது, நான்காவது. முன்னால் போன குரல் புதிய வழியில் திரும்பிக்கொண்டிருக்கும்போது பின்னால் வருவது பழைய தொடரைச் சொல்லிக்கொண்டிருக்கும். யாரும் தனிப் பாடகர் இல்லை, யாரும் பின்பாட்டும் இல்லை. நீரோடைக்கு ஏங்கும் மானைச் சொல்லித் தொடங்கும் 42ஆம் சங்கீதத்துக்கு ரோமாபுரியின் பாலஸ்திரீனா எழுதிய நான்கு குரல் மோட்டெட்டை யாராவது கேட்டுப் பார்க்கலாம். நம் காதுக்கு அது முதலில் குழப்பமாக இருக்கும். மூன்றாம் முறை கேட்கும்போது நான்கு ஏக்கங்கள் தனித்தனியே காதில் விழத் தொடங்கும்.

சொல் குழம்புகிறது என்ற புகார் அப்போதே எழுந்தது. திரெந்து நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் 1562இல் இதை விவாதித்தது. வழிபாட்டில் பாடப்படும் வாசகம் கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்பது அங்கே வலியுறுத்தப்பட்டது. சங்கீர்த்தனக்காரர்களுக்கு இந்தச் சிக்கலே வந்திருக்காது. ஒருவர் பாடுவார், மற்றவர் பல்லவியை ஏற்று வாங்குவார். சொல்லே அங்கு எஜமானன். அன்னமாச்சாரியார் சங்கீர்த்தனத்துக்கு வடமொழியில் ஓர் இலக்கண நூல் எழுதியதாகவும், அதைத் தழுவிப் பேரன் சின்ன திருமலாச்சாரியார் தெலுங்கில் எழுதிய சங்கீர்த்தன லட்சணமே இப்போது மிஞ்சியிருப்பதாகவும் மரபு. பாட்டின் உறுப்புகளையும் யாப்பையும் பேசுகிற நூல் அது.

இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று தொட்டிருக்கக்கூடிய தருணம் ஒன்று இருந்தது என்பது எனக்கு ஆச்சரியம். சத்தியவேட்டுக்குக் கிழக்கே கடலோரத்தில் பழவேற்காட்டில் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடியேறிக் கோயில் கட்டியிருந்தார்கள். 1598இல் இயேசு சபைத் துறவிகள் சந்திரகிரிக்கே வந்து இரண்டாம் வேங்கடபதி ராயரைச் சந்தித்தார்கள். அடுத்த சில ஆண்டுகள் அரசவையில் அவர்களுக்கு இடம் இருந்தது. அவர்களோடு வந்த ஓவியர்களிடம் அரசர் படம் வரைந்து வாங்கினார். லாஸோவும் பாலஸ்திரீனாவும் 1594இல் இறந்திருந்தார்கள். அவர்களுடைய பாட்டைக் கேட்டு வளர்ந்த தலைமுறை மனிதர்கள், செப்பேடுகள் அடுக்கியிருந்த மலையின் அடிவாரத்துக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஓவியத்தில் நடந்த பரிமாற்றம் பாட்டில் நடந்ததற்குச் சான்று இல்லை.

நம்மவர்களுக்குச் சுவரக் குறிப்பு தெரியாததால் எழுதவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியில்லை. புதுக்கோட்டைப் பக்கம் குடுமியான்மலையில் ஏழு ராகங்களுக்கான சுவரத் தொகுதிகள், நந்நான்கு சுவரங்களாகக் கட்டி, பல்லவ கிரந்த எழுத்தில் பாறையில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டை ஒட்டிய வேலை அது. அன்னமாச்சாரியாருக்கு எட்டு நூற்றாண்டு முந்தியது. 1609இல் சோமநாதர் ராகவிபோதத்தில் வீணையின் கமகங்களுக்கே தனிக் குறியீடுகள் போட்டுக் காட்டினார். எழுதத் தெரியும். தாளப்பாக்கத்தார் எழுத நினைக்கவில்லை.

ஏன் நினைக்கவில்லை என்பதற்கு விடை, அவர்கள் எடுத்துக்கொண்ட உலோகத்திலேயே இருக்கிறது என்பது என் கருத்து. செம்பில் எதை எழுதுவோம்? நிலத்தை, உரிமையை, சந்திர சூரியர் உள்ளவரை செல்ல வேண்டிய கொடையை. செப்பேடு என்றாலே சாசனம். பெத்த திருமலாச்சாரியார் கிராமங்களைக் கோயிலுக்கு எழுதிவைத்தது போலவே தந்தையின் பாடல்களையும் பெருமாளுக்கு எழுதிவைத்தார். சாசனத்தில் முக்கியம் எல்லை, எண்ணிக்கை, பெயர். நிலத்தை எப்படி உழுவது என்று எந்தச் சாசனமும் சொல்லாது. உழுகிறவன் பக்கத்தில் இருக்கிறான். ராகப் பெயரை மட்டும் போட்டு நிறுத்தியதும் அதே மனநிலையில்தான். பாடுகிறவர்கள் குடும்பத்தில் இருந்தார்கள், கோயிலில் இருந்தார்கள். ஒரு பாட்டைக் கற்றுக்கொள்ள யாரும் ஏட்டைத் தேடிப் போகப் போவதில்லை. பாடாந்தரம் குரலிலிருந்து காதுக்குப் போகும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை.

மியூனிக்கில் நிலை நேர்மாறு. வெனிஸில் ஒத்தாவியானோ பெத்ருச்சி 1501இல் பல்குரல் பாட்டை அச்சில் கொண்டுவந்தார். மறு ஆண்டே மோட்டெட் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அன்னமாச்சாரியார் திருமலையில் தம் கடைசி ஆண்டில் இருந்த நேரம் அது. அடுத்த நூறு ஆண்டில் இசை நூல் ஒரு வியாபாரப் பண்டமாயிற்று. இங்கிலாந்தில் டாலிஸுக்கும் அவர் மாணவர் வில்லியம் பேர்டுக்கும் எலிசபெத் அரசி இசை அச்சுக்கு 21 ஆண்டு ஏகபோக உரிமையே கொடுத்தார். இருவரும் 1575இல் தங்கள் மோட்டெட்டுகளைச் சேர்த்து அச்சிட்டார்கள். இப்படி அச்சாகும் புத்தகத்தை வாங்குகிறவர், லாஸோவைப் பார்த்திராத, அவர் பாட்டைக் கேட்டிராத, வேறு நாட்டு ஆலயத்துப் பாடகர். அவருக்குச் சுவரமும் அளவும் அச்சில் இருந்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காகிதத்துக்கு விலை இல்லை. ஆகவே இரண்டு குடும்பங்களின் வேறுபாட்டை அறிவு வேறுபாடாகப் பார்ப்பது தவறு. ஒருவர் கோயிலுக்கு எழுதினார், மற்றவர் சந்தைக்கு அச்சிட்டார்.

சந்தைக்கு வராத மோட்டெட்டும் உண்டு. லாஸோ இளவயதில் எழுதிய தவமுயற்சிச் சங்கீதங்களைப் பிரபு ஐந்தாம் ஆல்பிரெக்ட் தனக்கே தனக்கென்று வைத்துக்கொண்டார். ஹான்ஸ் மீலிக் என்ற ஓவியரைக் கொண்டு பக்கம் பக்கமாகச் சித்திரம் தீட்டிய கையெழுத்துப் பிரதியாக அது அரண்மனைக்குள்ளேயே கிடந்தது. பிரபு இறந்த பிறகு 1584இல்தான் அச்சுக்கு வந்தது. பூட்டி வைக்கும் ஆசை ஒரு நாட்டுக்கு உரியதல்ல.

இனி, சங்கிலி அறுந்த கதை. 1565இல் தலைக்கோட்டைப் போர். விஜயநகரம் பெனுகொண்டாவுக்கும் சந்திரகிரிக்கும் வேலூருக்குமாகச் சுருங்கியது. திருமலை கோல்கொண்டாவின் கைக்குப் போய், ஆற்காட்டு நவாபின் கைக்குப் போய், 1801இல் கும்பினியின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கட்டளைகள் குலைந்தால் கட்டளைப் பாடகர்களும் குலைவார்கள். தாளப்பாக்கம் வம்சத்தாரின் கைங்கரியம் முழுவதும் நின்றுவிடவில்லை. இன்றும் இரவு ஏகாந்த சேவையில் பெருமாளைத் தூங்க வைப்பது தாளப்பாக்கத்தார் லாலி, தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரால் முத்தியால ஆரத்தி. ஆனால் ஒரு தாலாட்டு எங்கே, பன்னீராயிரம் பாட்டு எங்கே.

அறை மறக்கப்பட்டது என்றும், 1922இல் சாது சுப்பிரமணிய சாஸ்திரி கண்டுபிடித்தார் என்றும் எல்லா நூல்களும் எழுதுகின்றன. சாஸ்திரியின் பெருமையைக் குறைக்காமலே இதில் ஒரு திருத்தம் சொல்லலாம். கும்பினி அதிகாரி ஏ. டி. காம்பெல் 1816இல் அச்சிட்ட தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையிலேயே திருப்பதிச் செப்பேடுகள் வருகின்றன. பழைய தெலுங்கு இலக்கணம் ஏதாவது அவற்றில் இருக்கும் என்று யாரோ சொல்ல, அவர் ஆவலோடு பார்க்கச் செய்தார். இருந்ததெல்லாம் கோயில் தெய்வத்தைப் புகழும் துதிப்பாடல்கள் என்று தெரிந்ததும் ஆர்வத்தை விட்டுவிட்டார். ஏடுகள் இருப்பது அறிந்தவர்களுக்கு அறிந்ததாகவே இருந்தது. அவற்றை யாரும் பாட்டாகப் பார்க்கவில்லை. இலக்கணம் தேடியவர் கண்ணில் துதி பட்டது, இசை படவில்லை. இசை அங்கே இல்லாததும் ஒரு காரணம்.

லாஸோவும் நீண்ட உறக்கத்தில் கிடந்தவரே. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய ரசனை மாறியது. பாலஸ்திரீனாவின் நடை பாடப்புத்தகமாகப் பிழைத்தது, லாஸோவின் 516 மோட்டெட்டுகள் நூலகங்களில் தூசி படிந்தன. அவருடைய முழுத் தொகுப்பைப் புதிதாக அச்சிடும் வேலை 1894இல்தான் தொடங்கியது. திருப்பதி தேவஸ்தானம் தாளப்பாக்கத்தார் நூல்களின் முதல் தொகுதியை வெளியிட்டது 1930களில். இரண்டு விழிப்பும் அடுத்தடுத்த தலைமுறையில். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு. மியூனிக் ஏடுகளைத் திறந்தவர்கள் அன்று மாலையே பாடியிருக்கலாம். திருப்பதி ஏடுகளைத் திறந்தவர்களால் வாசிக்க மட்டும்தான் முடிந்தது.

ராகப் பெயர் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். இங்கேதான் விஷயம் சுவையாகிறது. முதல் சிக்கல், பெயர் மட்டுமே மிஞ்சிய ராகங்கள். சாமந்தம், குண்டக்கிரியா, கொண்டமலஹரி என்று ஏடுகளில் வரும் பலவற்றை இன்று கச்சேரியில் கேட்க முடியாது. இரண்டாவது இன்னும் நுட்பமானது. முகாரியை எடுத்துக்கொள்வோம். 1550இல் விஜயநகரத்தில் ராமாமாத்தியர் எழுதிய சுவரமேளகலாநிதி, முகாரியை முதல் மேளமாக, சுத்த சுவரங்களாலேயே ஆனதாக வைக்கிறது. இன்றைய கணக்கில் அது கனகாங்கியின் சுவரங்கள். நாம் பாடும் முகாரியோ 22ஆம் மேளமான கரகரப்ரியாவின் ஜன்யம். செப்பேடுகள் பொறிக்கப்பட்டதும் ராமாமாத்தியர் எழுதியதும் ஏறக்குறைய ஒரே தலைமுறை. அப்படியானால் ஏட்டில் முகாரி என்று உள்ள பாட்டை இன்று பக்தியோடு முகாரியிலேயே பாடினாலும், பெயருக்குத்தான் விசுவாசமாக இருக்கிறோம், ஒலிக்கு அல்ல. ஏட்டு ராகத்தைக் காப்பாற்றிவிட்டதாகப் பெருமைப்படும் வித்துவான்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

காகிதத்தையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம். மோட்டெட் அச்சாகும்போது எல்லாக் குரலும் ஒரே பக்கத்தில் வராது. குரலுக்கு ஒரு புத்தகம். ஐந்து குரல் பாட்டுக்கு ஐந்து புத்தகம். ஒன்று தொலைந்தால் பாட்டு ஊனம். இங்கிலாந்தில் ஜான் பால்ட்வின் என்பவர் படி எடுத்த புகழ்பெற்ற குரலேடுகளில் டெனர் குரலின் ஏடு மட்டும் இல்லை. வேறு பிரதியில் கிடைக்காத பாட்டுகளுக்கு இன்றைய அறிஞர்கள் அந்தக் குரலை ஊகித்து எழுதித்தான் பாட வைக்கிறார்கள். அதுவும் ஒரு வகையில் மெட்டமைப்பே. இன்னொன்றும் உண்டு. எந்த இடத்தில் சுவரத்தை அரைப் படி ஏற்றவோ இறக்கவோ வேண்டும் என்பதை அன்றைய எழுத்தர்கள் பல நேரம் குறிக்க மாட்டார்கள். பயின்ற பாடகருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். வேகம், சுருதி, எத்தனை பேர் ஒரு குரலைப் பாடுவது, எதுவும் காகிதத்தில் இல்லை. அவர்களும் ஓரளவுக்குப் பாடாந்தரத்தை நம்பியே எழுதினார்கள். தாளப்பாக்கத்தார் முழுக்க நம்பினார்கள்.

செம்பும் காகிதமும் இல்லாமல் தொண்டையில் மட்டுமே வாழ்ந்த பாட்டு எப்படிப் பிழைத்தது என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டு க்ஷேத்ரக்ஞரின் பதங்களுக்கு யாரும் கல் அறை கட்டவில்லை. தேவரடியார் மரபில் வந்த பெண்கள் ஆடிப் பாடிக் காப்பாற்றினார்கள். சென்னையில் வீணை தனம்மாள் குடும்பத்தார் பாடிய பதங்களைக் கேட்டவர்கள், அவற்றுக்கு இணையான ராக விளக்கம் வேறு இல்லை என்கிறார்கள். சத்தியவேட்டுக்கு மேற்கே கார்வேட்டிநகரத்தில் வாழ்ந்த சாரங்கபாணியின் பதங்களும் இதே வழியில் வந்தவை. இந்த மெட்டுகளும் கைமாறும்போது மாறியிருக்கும். ஆனால் அறுந்த இடம் இல்லை. சமூகம் பிற்பாடு அவமதித்த பெண்களிடம் மெட்டு தங்கியது, கோயில் பூட்டி வைத்த செம்பில் தங்கவில்லை. இசை வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கடனை இன்னும் சரியாக ஒப்புக்கொள்ளவில்லை.

முன்னே விதிவிலக்கு என்று சொன்னதும் தமிழ்நாட்டோடு சேர்ந்ததுதான். காவிரிக் கரையில் போதேந்திரர், ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வழியாக வேரூன்றிய பஜனை சம்பிரதாயத்தில், தொடக்கத்தில் பாடும் தோடயமங்களத்தில் அன்னமாச்சாரியார் பாடல்களும் உண்டு. 1922க்கு வெகு முன்பே, செப்பேடு என்ற ஒன்று இருப்பதே தெரியாத பாகவதர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பஜனை மடங்களில் அவரைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த மெட்டு தாளப்பாக்கத்திலிருந்தே வந்தது என்று சாதிக்க முடியாது. ஆனால் வாய்வழியே வந்தது என்ற தகுதி இன்று புழக்கத்தில் உள்ள எந்தக் கச்சேரி மெட்டுக்கும் இல்லை. ஆய்வு மாணவர்கள் திருமலையை விட்டு மருதாநல்லூர் பக்கம் கொஞ்சம் திரும்பலாம்.

புதிய மெட்டுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், அது பலருக்கும் தெரிந்ததே. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி ஏடுகளைப் படித்துப் பதிப்பித்தார், 1950இல் மறைந்தார். அவருக்குப் பின் வந்த ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா (1893–1979) கவியும் சங்கீத வித்துவானுமாக இருந்ததால், பதிப்பித்ததோடு நிற்காமல் மெட்டமைத்துச் சுவரக் குறிப்போடு வெளியிட்டார். 1978இல் தேவஸ்தானம் அன்னமாச்சாரியா திட்டத்தைத் தொடங்கியது. 1980ஐ ஒட்டி எம். எஸ். சுப்புலட்சுமியின் பாலாஜி பஞ்சரத்னமாலா இசைத்தட்டுகள் வீடு வீடாகப் போயின. நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி, பாலமுரளிகிருஷ்ணா, அறுநூறுக்கு மேல் மெட்டமைத்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் என்று வரிசை நீண்டது. பன்னீராயிரத்தில் பொதுமக்கள் காதுக்கு எட்டியவை சில நூறுதான்.

இந்த மெட்டுகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ராள்ளபள்ளியின் பல மெட்டுகள் சொல்லின் நடையை அறிந்து அதன் மேல் போர்த்தியவை. இருபதாம் நூற்றாண்டுக் கர்நாடக இசையின் நல்ல சாதனைகளில் இதைச் சேர்ப்பேன். திரைப்பாட்டின் சாயலில் அவசரமாகக் கட்டிய மெட்டுகளும் ஏராளம், அவற்றுக்குப் பக்தி ஒரு போர்வை. இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் போனதற்குக் காரணம், எல்லாமே அன்னமாச்சாரியார் என்ற ஒரே பெயரில் வருவதுதான். பால்ட்வின் ஏட்டில் இல்லாத டெனர் குரலை ஒருவர் எழுதினால், அச்சுப் பிரதியிலும் நிகழ்ச்சிக் குறிப்பிலும் அவர் பெயர் போடுகிறார்கள், சேர்த்த பகுதியைத் தனி அடையாளத்தோடு காட்டுகிறார்கள். நம்மிடம் ஒரு முழு மெட்டையே செய்தவரின் பெயர் காணாமல் போகிறது. ராள்ளபள்ளிக்கும் நேதுநூரிக்கும் இது அநியாயம். பெயர் போட்டால் வெட்கப்பட வேண்டிய மெட்டுக்காரர்களுக்கு மட்டும் இது வசதி.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒவ்வொரு ஒலிப்பதிவோடும் மேடை அறிவிப்போடும் மூன்று செய்திகள் போதும்: ஏட்டில் உள்ள ராகம், இப்போது பாடும் ராகம், மெட்டமைத்தவர் பெயர். முதலாவது தேவஸ்தானத்தின் அச்சுத் தொகுதிகளிலேயே பாட்டுக்குப் பாட்டு இருக்கிறது. மூன்றாவது இன்னும் வாழும் மாணவர்களைக் கேட்டால் தெரியும், அவர்களுக்கும் வயதாகிறது. சபாக்களும் வானொலியும் இதைத் தாங்களாகச் செய்யாவிட்டால் கேட்கிறவர்கள்தான் கேட்க வேண்டும். அடுத்த முறை ஒரு கச்சேரியில் அன்னமாச்சாரியார் கிருதி என்று அறிவித்தால், மெட்டு யாருடையது என்று பாடகரிடம் கேளுங்கள்.